பாரிஸுக்குத் தெற்கே ஆற்றோரமும் காடும்: நடக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாரிஸிலும் புறநகர்களிலும் குடியிருக்கும் தமிழர்கள், விடுமுறைக்கு வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறவர்கள் எல்லாரும் நடைப்பயணம் பற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இவெத் ஆறு ஓடும் ஷெவ்ரூஸ் பள்ளத்தாக்கு, ஃபோந்தென்புளோ காடு, அதை ஒட்டிய லுவான் ஆறு ஆகிய மூன்றைப் பற்றித்தான் பெரும்பாலும் பேச்சு. காரே இல்லாமல் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்பதுதான் காரணம். தெற்கே செலே ஆற்றங்கரையில் ஒரு வாரம் நடப்பது பற்றியும் கொஞ்சம் உண்டு.

முதல் முறை போகிறேன். எங்கே தொடங்கலாம்?

ஷெவ்ரூஸில். ஃபோந்தென்புளோவின் பேர் பெரிது, ஆனால் முதல் நாளுக்கு அது கொஞ்சம் அதிகம். பாதைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், பாறைகளில் ஏறி இறங்க வேண்டியிருக்கும். ஷெவ்ரூஸில் அந்தத் தொல்லை இல்லை.

ஆர்.இ.ஆர். பி ரயில் தெற்கே போய் முடியும் ஒரு கடைசி நிலையம் சான் ரெமி லே ஷெவ்ரூஸ். லா சப்பல் கடைத்தெருவுக்குச் சாமான் வாங்கப் போகிறவர்களுக்குப் பழக்கமான அதே கார் து நோர் ரயில் நிலையத்தில் ஏறினால் வண்டி மாறவே வேண்டாம். முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தெற்கே போகும் எல்லா வண்டியும் கடைசிவரை போவதில்லை. சில ரொபின்சன் பக்கம் பிரிந்துவிடும், சில நடுவிலேயே நின்றுவிடும். பலகையில் சான் ரெமி பேர் இருந்தால் மட்டும் ஏறுங்கள். சனி, ஞாயிறுகளில் தண்டவாள வேலை அடிக்கடி நடக்கும் என்பதால் முந்தின இரவே போனில் பார்த்துவிடுவது நல்லது.

நிலையத்திலிருந்து ஷெவ்ரூஸ் ஊர் மூன்று கிலோமீட்டருக்குள்தான், ஏற்றமும் இல்லை. ஊருக்குள் இவெத் ஆற்றின் கால்வாய் ஒன்று வீடுகளின் பின்புறமாக ஓடுகிறது. அதன்மேல் சின்னச் சின்னப் பாலங்கள் வரிசையாக இருக்கும். துணி துவைத்த பழைய கொட்டகைகள் இன்னும் தண்ணீரைத் தொட்டபடி நிற்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் இங்கே தோல் பதனிடும் தொழில் நடந்தது. இப்போது எல்லாரும் நின்று போட்டோ எடுக்கும் இடத்தில் அன்றைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடந்திருப்பார்கள்.

ஊரிலிருந்து செங்குத்தாக ஏறினால் மாத்லேன் கோட்டை. 1985இல் அமைந்த ஷெவ்ரூஸ் மேல்பள்ளத்தாக்கு இயற்கைப் பூங்காவின் அலுவலகம் இதற்குள்தான் இருக்கிறது. உள்ளே போகக் காசு இல்லை. நாடகாசிரியர் ழான் ரசீன் 1661இல், இளம் வயதில், இந்தக் கோட்டையில் நடந்த கட்டட வேலையை மேற்பார்வை பார்க்க அனுப்பப்பட்டார். பாரிஸை விட்டு வந்த வெறுப்பில் இங்கிருந்து எழுதிய கடிதங்களில் ஊர்ப் பேரை ‘பாபிலோன்’ என்று போட்டார். நாடு கடத்தப்பட்டவன் மாதிரி இருக்கிறது என்று அர்த்தம். அவர் படித்த போர் ருவாயால் மடம் வரைக்கும் இன்று அவர் பேரிலேயே ஒரு பாதை இருக்கிறது. பாரிஸ் வேலை அலுத்துப்போய் இங்கே ஓடிவருகிற நமக்கு அவர் அலுத்துக்கொண்டது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

கோட்டைக்குப் பின்னால் காடு தொடங்குகிறது. ஒரு சுற்றுச் சுற்றி நிலையத்துக்குத் திரும்ப 10, 12 கிலோமீட்டர். காலையில் வந்தவர்கள் அவசரமில்லாமல் முடிக்கலாம்.

டிக்கெட் எவ்வளவு?

நவிகோ என்கிற மாதப் பயண அட்டை வைத்திருந்தால் கூடுதலாக ஒன்றும் இல்லை. இல்லாதவர்களுக்கும் 2025 ஜனவரியிலிருந்து நல்ல காலம். பாரிஸ் பிராந்தியம் முழுக்க மெட்ரோவுக்கும் ரயிலுக்கும் தூரம் பார்க்காமல் ஒரே கட்டணம் வந்துவிட்டது (தொடங்கியபோது 2.50 யூரோ). சான் ரெமி, ஃபோந்தென்புளோ, லுவான் ஆற்றங்கரை மோரே எல்லாமே இதற்குள் அடக்கம். பஸ்ஸுக்கு வேறு டிக்கெட்.

மரத்தில் வரைந்திருக்கும் கோடுகளுக்கு என்ன அர்த்தம்?

இதைக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மரம், கம்பம், வீட்டுச் சுவர், பாலத்தின் ஓரம் என்று எங்கே பார்த்தாலும் சின்னப் பெயின்ட் கோடுகள் தெரியும். மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்றால் அது ஜி.ஆர்., நெடும்பாதை. ஜி.ஆர். 1, ஜி.ஆர். 11 என்று எண்களும் உண்டு. பல நாள் தொடர்ந்து நடக்கிற நீண்ட பாதைகள் இவை. மேலே மஞ்சள், கீழே சிவப்பு என்றால் ஒரு வட்டாரத்தைச் சுற்றி வரும் பாதை. வெறும் மஞ்சள் என்றால் உள்ளூர்ச் சுற்று, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். ஆரஞ்சு நிறம் குதிரைக்காரர்களுக்கு. அதைப் பின்தொடர்ந்தால் தப்பில்லை, ஆனால் மழைக்காலத்தில் குதிரை மிதித்த சேறு முழங்கால்வரை வரும்.

கோட்டுக்குக் கீழே வளைந்த அம்பு இருந்தால் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். இரண்டு கோடுகள் பெருக்கல் குறியாக இருந்தால், இது உங்கள் வழி இல்லை. பெருக்கல் குறியைப் பார்த்ததும் எரிச்சல் வரும். ஆனால் அது நல்ல செய்திதான்: சரியான திருப்பம் சில அடி பின்னால் இருக்கிறது. பத்து நிமிடமாக எந்தக் கோடும் கண்ணில் படவில்லை என்றால் முன்னே போகாதீர்கள், கடைசியாகக் கோடு பார்த்த இடத்துக்குத் திரும்புங்கள்.

ஃபோந்தென்புளோவில் மட்டும் இன்னொரு சிக்கல். அங்கே பாறை ஏறும் விளையாட்டுக்காரர்களுக்கு என்று பாறைகள்மேல் மஞ்சள், ஆரஞ்சு, நீலம், சிவப்பு நிறத்தில் சின்ன அம்புகளும் எண்களும் போட்டிருப்பார்கள். அதை நடைபாதைக் குறி என்று நம்பினால் ஒரு பாறையின் உச்சியில் போய் நிற்பீர்கள். மரத்தில் இருப்பது நடப்பவர்களுக்கு, பாறையில் எண்ணோடு இருப்பது பெரும்பாலும் ஏறுபவர்களுக்கு. வெட்ட வேண்டிய மரங்களில் வனத்துறையினர் போடும் புள்ளிகளும் உண்டு. அவை எங்கும் கூட்டிப்போகாது.

இந்தக் கோடுகளையெல்லாம் யார் போடுகிறார்கள்?

சம்பளம் வாங்காத தொண்டர்கள். பிரெஞ்சு நடைப்பயணக் கூட்டமைப்பு என்ற அமைப்பின்கீழ் ஆயிரக்கணக்கானோர் வாளியும் தூரிகையும் கத்தரியுமாகப் போய், புதரை வெட்டிக் கோட்டைப் புதுப்பிக்கிறார்கள். 1947இல் இதற்கான தேசியக் குழு உருவான அதே ஆண்டில் லுவார் ஆற்றை ஒட்டி ஓர்லேயானிலிருந்து போஜான்சி வரை முதல் ஜி.ஆர். துண்டு திறக்கப்பட்டது. இன்று நாடு முழுக்கக் குறியிட்ட பாதைகள் 1,80,000 கிலோமீட்டருக்குக் குறையாது.

ஆனால் மரத்தில் பெயின்ட் அடித்து வழிகாட்டும் யோசனை அதற்கு நூறு ஆண்டு மூத்தது. குளோத் ஃப்ரான்சுவா தெனெகூர் என்பவர் நெப்போலியன் படையில் இருந்தவர், காயம்பட்டு வந்து ஃபோந்தென்புளோவில் ஒரு படைமுகாமின் வாயிற்காப்பாளராக இருந்தார். அரசியல் கருத்துக்காக அந்த வேலையும் 1832இல் போனது. காட்டைச் சுற்றிக்கொண்டிருந்தவர் 1842இலிருந்து தன் கைக்காசைப் போட்டுப் பாதைகள் வெட்ட ஆரம்பித்தார். பாறைகளுக்குப் பேர் வைத்தார், குகைகளுக்குக் கதை கட்டினார், மரங்களில் நீல நிறத்தில் வழி குறித்தார், கையேடு அச்சிட்டு விற்றார். 1849இல் பாரிஸிலிருந்து ரயில் வந்ததும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் வந்தது. 1875இல் அவர் இறந்தபிறகு ஷார்ல் கொலினே என்பவர் அந்த வேலையைத் தொடர்ந்தார். அந்த நீலக் கோடுகள் இன்றும் இருக்கின்றன. வேலை போன ஒரு மனிதரின் பிடிவாதத்தில் பிறந்த பாதையில்தான் நடக்கிறோம் என்பது எனக்கு அந்தக் காட்டில் மிகவும் பிடித்த விஷயம்.

‘பள்ளத்தாக்குப் பாதை’ என்று போட்டிருந்தது. நடந்தால் ஆறே கண்ணில் படவில்லையே?

இந்தப் புகார் அடிக்கடி வரும். காரணம் நிலத்திலும் இருக்கிறது, சட்டத்திலும் இருக்கிறது.

பிரான்ஸில் ஆறுகள் இரண்டு வகை. செயின் போன்ற பெரிய ஆறுகள் அரசுக்குச் சொந்தம். அவற்றின் கரையில் நிலம் வைத்திருப்பவர் 3.25 மீட்டர் அகலத்தை நடப்பவர்களுக்கும் மீன் பிடிப்பவர்களுக்கும் விட்டுவைக்க வேண்டும். அந்தக் காலத்தில் படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தார்களே, அந்த இழுவைப் பாதைகளும் பல இடங்களில் மிஞ்சியிருக்கின்றன. அதனால் செயினை ஒட்டியும் லுவான் கால்வாயை ஒட்டியும் தண்ணீரைப் பார்த்தபடியே போகலாம்.

இவெத் மாதிரிச் சின்ன ஆறுகளின் கதை வேறு. கரை மட்டுமில்லை, ஆற்றுப் படுகையின் பாதிவரை கரைக்காரருக்கே சொந்தம். தண்ணீர் பொது, தரை அவருடையது. பழைய ஆலை வீடு, குதிரைப் பண்ணை, யாரோ ஒருவரின் பழத்தோட்டம் என்று கரை துண்டு துண்டாகிக் கிடக்கும். வேலியைக் கண்ட இடத்தில் பாதை சரிவில் ஏறிக் காட்டுக்குள் போய்விடும்.

காடு ஏன் சரிவில் மட்டும் இருக்கிறது என்றும் கேட்கலாம். ஷெவ்ரூஸ் பக்கம் மேட்டுச் சமவெளியில் நல்ல வண்டல் மண், அதனால் கோதுமை வயல். பள்ளத்தின் அடியில் ஈரம், அதனால் புல்வெளியும் ஊரும். இடையில் இருக்கும் சரிவு மணலும் மணற்பாறையும். உழுவதற்கு உதவாத அந்த இடத்தைத்தான் மரங்களுக்கு விட்டிருக்கிறார்கள். அதனால் இங்கே எந்த நடையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் அமையும்: ஊர், ஏற்றம், காடு, திடீரென்று திறந்த வயல், மறுபடி காடு, இறக்கம், ஆறு. ஆறு கொஞ்ச நேரம்தான் தெரியும். அதையே பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும் என்றால் லுவான் பக்கம் போங்கள்.

தனியார் நிலத்துக்குள் கால் வைத்துவிட்டால்?

குறியிட்ட பாதையில் இருக்கும்வரை கவலை வேண்டாம். ஊராட்சிக்குச் சொந்தமான பழைய நாட்டுப்புறப் பாதைகளை மாவட்டவாரியாகப் பட்டியலிட்டுக் காப்பாற்ற 1983இல் வந்த சட்டமே வழி செய்தது. பாதை தனியார் நிலத்தைக் கடக்கும் இடங்களில் உரிமையாளரோடு உடன்பாடு இருக்கும்.

ஆனால் ஸ்வீடன், நார்வே மாதிரி எங்கே வேண்டுமானாலும் நடக்கிற உரிமை இங்கே கிடையாது. 2023 பிப்ரவரியில் ஒரு சட்டம் வந்தது. காட்டைச் சுற்றி உயரமான கம்பிவேலி போடுவதைத் தடுப்பதுதான் அதன் நோக்கம். கூடவே, ‘தனியார் சொத்து’ என்று பலகை வைத்த நாட்டுப்புற நிலத்துக்குள் நுழைந்தால் அபராதம் என்ற பிரிவும் அதில் நுழைந்துவிட்டது. அபராதம் 135 யூரோ. ‘ப்ரோப்ரியெத்தே ப்ரிவே’ என்ற பலகையைப் பார்த்தால் திரும்பிவிடுங்கள். நடப்பவர்கள் மத்தியில் இந்தப் பிரிவுக்கு இன்னும் எதிர்ப்பு இருக்கிறது. எனக்கும் அது நியாயமாகப் படவில்லை.

ஃபோந்தென்புளோவுக்கு எப்படிப் போவது? எந்த வழி நல்லது?

பாரிஸின் கார் து லியோன் ரயில் நிலையத்தில் ஆர் லைன் வண்டி. ஃபோந்தென்புளோ-ஆவோன் நிலையம் ஏறக்குறைய 40 நிமிடம். எனக்குப் பிடித்தது ஒரு நிலையம் முன்னதாக புவா ல ருவாவில் இறங்கி, காட்டுக்குள் நடந்து, ஃபோந்தென்புளோவில் ரயில் ஏறுவது. சுற்றிப் போவதைப் பொறுத்து 12 முதல் 18 கிலோமீட்டர் வரும். கடைசியில் தெனெகூர் கட்டிய கோபுரம் இருக்கிறது. முதலில் கட்டியது இடிந்துபோய், இப்போது இருப்பது திரும்பக் கட்டியது. அதன்மேல் நின்று பார்த்தால் காட்டின் அளவு பிடிபடும். அங்கிருந்து நிலையத்துக்கு இறக்கம்தான்.

இந்தக் காட்டில் கால் வைத்ததும் கவனிப்பது வெள்ளை மணல். கடற்கரையில் இருப்பது போலவே இருக்கும், உண்மையில் கடல் விட்டுப்போனதுதான். மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்த மணல் இறுகிய பாறைகளைத்தான் உடைத்துப் பாரிஸ் தெருக்களுக்குத் தளக்கல்லாகப் போட்டார்கள். கல் உடைத்த குழிகளும் சில்லுகளும் பாதையோரம் இன்னும் கிடக்கின்றன.

பார்பிஸோன் கிராமத்தில் தங்கி இந்த மரங்களைத் தீட்டிய ஓவியர்கள், தேயோதோர் ரூஸோ போன்றவர்கள், முதிய மரங்களை வெட்டுவதை எதிர்த்து முறையிட்டார்கள். 1861இல் ஓர் ஆணை வழியாக 1,097 ஹெக்டேர் ‘கலைக் காப்பகம்’ என்று ஒதுக்கப்பட்டது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வருவதற்கு 11 ஆண்டு முன்பே நடந்தது இது. அதுவும் விலங்குக்காகவோ மழைக்காகவோ இல்லை, படம் வரைவதற்காக!

கால் வலிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ட்ருவா பின்யோன் பகுதியில் ‘25 மேடுகள்’ என்ற சுற்று இருக்கிறது. தூரம் 16, 17 கிலோமீட்டர்தான், ஆனால் மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இல்லை. கார் உள்ள நண்பரைப் பிடியுங்கள்.

வயதான அப்பா அம்மாவையும் தள்ளுவண்டிக் குழந்தையையும் கூட்டிப் போகலாமா?

தாராளமாக, ஆனால் லுவான் பக்கம். அதே ஆர் லைனில் மோரே. கோட்டை வாயில், ஆற்றின்மேல் கல்பாலம், பாலத்தருகே பழைய ஆலை என்று ஊரே ஓவியம் மாதிரி இருக்கும். ஆல்ஃப்ரெட் சிஸ்லே இங்கேயே தங்கி வரைந்து 1899இல் இங்கேயே இறந்தார். அங்கிருந்து கால்வாய்க் கரையோடு சான் மமெஸ் வரை சமதரை. லுவான் ஆறு செயினில் சேரும் இடம் அது, சரக்குப் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். பெரியவர்களுக்கு முட்டி வலித்தால் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், திரும்பலாம். ஷெவ்ரூஸில் நிலையத்திலிருந்து பாலங்கள் வரைக்கும் பெரியவர்கள் வரலாம், கோட்டை ஏற்றத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை, அப்புறம் செப்டம்பர், அக்டோபர். ஏப்ரலில் இலை முழுதாக விரியுமுன் காட்டுத்தரையில் வெயில் விழும், பூக்கள் அப்போதுதான். இலையுதிர்கால நிறத்துக்கு அக்டோபர் பின்பாதி. நவம்பரிலிருந்து ஷெவ்ரூஸ் பாதைகளில் சேறு. ஃபோந்தென்புளோ மணல் என்பதால் மழை பெய்த மறுநாளே காய்ந்துவிடும். குளிர்காலத்தில் நடக்கிறவர்கள் அங்கே போவது அதனால்தான். டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். மத்தியானம் கிளம்புகிற பழக்கம் நமக்கு உண்டு, அது அந்த மாதத்தில் உதவாது.

வேட்டைக்காரர்கள் இருப்பார்களாமே?

இருப்பார்கள். செப்டம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசிவரை வேட்டைப் பருவம். காட்டுப்பன்றி, மான் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க அரசுக் காடுகளிலும் குறிப்பிட்ட நாள்களில் நடக்கும். அன்றைக்குப் பாதை முனையில் ‘ஷாஸ் ஆன் கூர்’ என்ற பலகை வைப்பார்கள், ‘வேட்டை நடக்கிறது’ என்பது அதன் பொருள். கண்டால் அந்தப் பக்கம் போகாமல் வேறு திசை எடுங்கள். போகுமுன் காட்டுத்துறையின் தளத்திலும் நாள்களைப் பார்க்கலாம். அந்த மாதங்களில் கறுப்பு ஜாக்கெட் வேண்டாம், காரில் இருக்கும் அந்த மஞ்சள் மேல்சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாம்பு, பன்றி?

இரண்டும் உண்டு, இரண்டும் உங்களைக் கண்டால் ஓடிவிடும். ஃபோந்தென்புளோ பாறைகளில் விரியன் வகைப் பாம்பு வெயில் காயும். பார்க்காமல் பொந்துக்குள் கைவிட வேண்டாம், அவ்வளவுதான். குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் பைன் மரங்களிலிருந்து கம்பளிப்புழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போல இறங்கிப் போகும். பிள்ளைகள் குச்சியால் சீண்டப் போவார்கள். விடாதீர்கள், அதன் ரோமம் பட்டாலே கடுமையான அரிப்பும் வீக்கமும் வரும்.

அப்படியானால் எதற்குத்தான் பயப்பட வேண்டும்?

உண்ணிக்கு. எள்ளளவுதான் இருக்கும். புல்லிலும் தாழ்ந்த செடியிலும் காத்திருந்து காலில் ஏறி, முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் என்று மெல்லிய தோலைத் தேடிப் போய்க் கடிக்கும். சில உண்ணிகள் லைம் நோய்க் கிருமியைச் சுமக்கும். நீளக் காற்சட்டை போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். பார்க்க நன்றாக இருக்காது, பரவாயில்லை. வீட்டுக்கு வந்ததும் குளித்து உடம்பு முழுக்கப் பாருங்கள். குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள்ளும் காதுக்குப் பின்னாலும் பார்க்க வேண்டும்.

கடித்திருந்தால் எண்ணெய், ஆல்கஹால் எதையும் ஊற்றாதீர்கள். மருந்துக்கடையில் சில யூரோவுக்கு உண்ணி எடுக்கும் சின்னக் கொக்கி கிடைக்கும். அதைத் தோலோடு ஒட்டிச் செருகி, மெதுவாகச் சுழற்றி எடுங்கள். அப்புறம் கிருமிநாசினி. உண்ணி எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறதோ அவ்வளவு ஆபத்து கூடும் என்பதால் அன்றைக்கே எடுப்பது முக்கியம். தேதியைக் குறித்துவையுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகப் படர்கிற தடம் தெரிந்தாலோ, காரணமில்லாமல் காய்ச்சலும் உடல்வலியும் வந்தாலோ டாக்டரிடம் போங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் ஆன்டிபயாட்டிக்கில் சரியாகிவிடும். இங்கே உள்ள படங்களில் எல்லாம் அந்தத் தடம் வெள்ளைத் தோலில் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். நம்முடைய மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அது அப்படித் தெரியாது. மங்கலாக, சற்றுக் கருஞ்சிவப்பாகத் தெரியலாம். நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், டாக்டரிடம் காட்டுக்குப் போனதையும் சொல்லுங்கள்.

சாப்பாடு, தண்ணீர்?

கட்டிக்கொண்டு போய்விடுங்கள். கிராமங்களில் கடை ஞாயிறு மத்தியானத்தோடு மூடும், திங்கள் முழுக்கப் பல இடங்களில் திறக்காது. உணவகத்தில் மத்தியானச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை, இரண்டரைக்குப் போனால் சமையலறை மூடியிருக்கும். சைவக்காரர்களுக்கு ஆம்லெட்டும் சாலட்டும் தாண்டி அதிகம் கிடைக்காது. புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் இதற்கென்றே கண்டுபிடித்தவை என்று நினைக்கிறேன்.

தண்ணீருக்கு ஓர் உபாயம்: ஊர்க் கல்லறைத் தோட்டம். பூச்செடிக்கு ஊற்ற அங்கே பெரும்பாலும் குழாய் இருக்கும், பிரெஞ்சு நடைக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் பாட்டில் நிரப்புவார்கள். நம்மவர்களுக்கு முதலில் கூச்சமாக இருக்கும். ‘நோன் பொத்தாப்ள்’ என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது. ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வேண்டாம்.

அங்கேயே அடுப்பு மூட்டி சமைக்கலாமா?

கூடாது. காட்டுக்குள்ளும் காட்டிலிருந்து 200 மீட்டருக்குள்ளும் பொதுமக்கள் நெருப்பு மூட்டத் தடை, எந்த மாதமாக இருந்தாலும். ஃபோந்தென்புளோ காய்ந்த மணற்காடு, ஒரு பொறி போதும்.

காளான், கஷ்கொட்டை பறிக்கலாமா?

அரசுக் காட்டில் சொந்தத் தேவைக்கு ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் அளவு காளான் எடுக்கலாம் என்பது வழக்கம், சில பகுதிகளில் அதுவும் தடை. தனியார் காட்டில் உரிமையாளரைக் கேட்க வேண்டும். ஆனால் எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். இங்கே கொல்லும் காளானும் உண்டு, ஊரில் பார்த்த காளானை வைத்து இதை அடையாளம் காண முடியாது. ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால் மருந்துக்கடையில் காட்டுங்கள். பிரான்ஸில் மருந்தாளர்கள் படிப்பிலேயே காளான் பாடமும் உண்டு.

கஷ்கொட்டை அக்டோபரில் ஷெவ்ரூஸ் காடுகளில் கொட்டிக் கிடக்கும். நெருக்கமான மெல்லிய முள் உள்ள கூட்டுக்குள் இரண்டு மூன்றாக, ஒரு முனை கூராக இருப்பது சாப்பிடுகிற வகை. ஊர்ச் சாலையோரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தடித்த முள் உள்ள கூட்டில் உருண்டையாக ஒன்றே ஒன்று இருப்பது விஷம்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

நிறையப் பேர் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஃபோந்தென்புளோவில் தனிமை என்பதே கிடைக்காது. வார நாளில் போவதானால் எந்த வழி, எந்த ரயில் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஆண்களுக்கும் இதேதான்.

பிரெஞ்சு அதிகம் வராது. பரவாயில்லையா?

எதிரே வருகிறவருக்கு ‘போன்ஜூர்’ சொல்லத் தெரிந்தால் போதும். பாரிஸ் மெட்ரோவில் யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள், காட்டுப்பாதையில் சொல்லாமல் போனால்தான் தப்பு.

வரைபடம் வாங்க வேண்டுமா, போன் போதாதா?

குறியிட்ட பாதைக்குப் போன் போதும். தேசிய நில அளவை நிறுவனத்தின் வரைபடங்களைப் போனிலேயே பார்க்கலாம், கிளம்புமுன் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சரிவுகளில் சிக்னல் விட்டுவிட்டு வரும். காட்டில் நாள் முழுக்கத் திரிய நினைக்கிறவர்கள் 1:25,000 அளவிலான நீல அட்டை வரைபடத்தை வாங்கிக்கொள்ளலாம். வழிகாட்டிப் பலகைகளில் பல இடங்களில் தூரத்தைவிட நேரம்தான் இருக்கும். மணிக்கு 4 கிலோமீட்டர் கணக்கு. பிள்ளைகளோடு போனால் ஒன்றரை மடங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் விடுமுறை இருக்கிறது. தொடர்ச்சியாக நடக்க எங்கே போகலாம்?

செலே பள்ளத்தாக்கு. தென்மேற்கில் ஃபிஜாக்கிலிருந்து காஓர் வரை. இரண்டு ஊருக்கும் பாரிஸ் அவுஸ்தர்லிட்ஸிலிருந்து ரயில் வழி இருக்கிறது (ஃபிஜாக்குக்குப் பகலில் போனால் வழியில் மாற வேண்டும், இரவு ரயிலும் உண்டு). எகிப்தியச் சித்திர எழுத்தைப் படித்துக் காட்டிய ஷம்போலியோன் பிறந்த ஊர் ஃபிஜாக்.

ல புய் நகரிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோ வரை போகும் பழைய யாத்திரை வழியின் பிரெஞ்சுப் பகுதி ஜி.ஆர். 65. ஃபிஜாக்கைத் தாண்டி பெதுவே என்ற ஊரில் அதிலிருந்து ஜி.ஆர். 651 பிரிந்து செலே ஆற்றோடு இறங்கும். கூட்டம் பெரும்பாலும் 65இலேயே போய்விடும், அதனால் 651 அமைதி. சுண்ணாம்புப் பாறைச் சுவர்களுக்கு நடுவே ஆறு வளைந்து வளைந்து ஓடும். பாதை தினமும் ஓரிரு முறை மேலே குட்டை ஓக் மரக்காட்டுக்கு ஏறி, மறுபடி ஆற்றங்கரைக் கிராமத்துக்கு இறங்கும். எஸ்பான்யாக், பாதி இடிந்த மடம் நிற்கும் மார்சிலாக், கப்ரெரே என்று ஊர்கள் வரும்.

கப்ரெரே பக்கத்தில் பெஷ் மெர்ல் குகை. புள்ளி போட்ட இரண்டு குதிரைகள் அதன் சுவரில் வரையப்பட்டு ஏறக்குறைய 29,000 ஆண்டுகள் ஆகின்றன. இந்த மாதிரிக் குகைகளில் பலவற்றில் நகலைத்தான் காட்டுவார்கள், இங்கே அசலையே பார்க்கலாம். ஒரு நாளைக்கு 700 பேருக்கு மேல் விடமாட்டார்கள், முன்பதிவு அவசியம். இதற்காக ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கினாலும் தகும்.

பிறகு செலே, லொட் ஆற்றில் கலந்துவிடும். புஸியேஸ் ஊரிலிருந்து சான் சீர் லாபோப்பி போகும் வழியில், படகு இழுப்பதற்காக 19ஆம் நூற்றாண்டில் குன்றைக் குடைந்து வெட்டிய பாதை இருக்கிறது. தலைக்கு மேலே பாறை, காலுக்குக் கீழே ஆறு. காஓரில் 14ஆம் நூற்றாண்டின் வாலாந்த்ரே பாலத்தோடு முடிக்கலாம். நடையின் வேகத்தைப் பொறுத்து நான்கு முதல் ஆறு நாள்.

தங்குவதற்கு ‘ஜீத்’ என்கிற எளிய விடுதிகள். கட்டில், இரவுச் சாப்பாடு, காலை உணவு எல்லாம் சேர்த்து ஒரே கட்டணமாக வாங்குவார்கள். பெரும்பாலானவை ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான் திறந்திருக்கும், மே மாதத்தில் சீக்கிரமே நிரம்பிவிடும். முன்கூட்டியே போன் செய்து, சைவம் என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அன்று மாலை போய்ச் சொன்னால் சாலட்டில் இருக்கும் பன்றி இறைச்சியைப் பொறுக்கி எடுத்துத் தருவார்கள். வழியில் கடைகள் மிகக் குறைவு, ஒரு நாளுக்கான ரொட்டியும் சீஸும் எப்போதும் பையில் இருக்கட்டும்.

ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கூப்பிடுவது?

112. காசு இல்லாத எண், பூட்டிய போனிலிருந்தும் போகும். பேச முடியாத நிலையில் 114க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பலாம். எங்கே இருக்கிறீர்கள் என்று முதலில் கேட்பார்கள். போன் காட்டும் இட எண்களைப் படித்துச் சொல்லுங்கள், அல்லது பக்கத்துச் சந்திப்பில் உள்ள பலகையைப் பாருங்கள். ஃபோந்தென்புளோவில் காட்டுச் சந்திப்புகளுக்கும் பாதைகளுக்கும் பேர் எழுதியிருக்கும். அந்தப் பேரைச் சொன்னால் தீயணைப்பு வீரர்கள் வந்துவிடுவார்கள்.